இன்ஜினை அணைக்காதே

எங்கள் ஊரில் ஐஸ் என்றால் கரும்புச் சாற்றுக் கடையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கும் பாளம்தான். அதன் மேல் வண்டி ஓட்டுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு சோலி இருந்தால் பார் என்று அனுப்பியிருப்பேன். யாங்கோனில் ஜனவரி மாதம் காலையில் கொஞ்சம் சிலுசிலுவென்று காற்று வந்தால் போதும், தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தெரு முழுக்கக் கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டு தும்மும். அதுதான் எங்களுக்குக் குளிர்காலம்.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, பனி ரோட்டில் வண்டி ஓட்டுவது எப்படி என்று ஒரு குளிர்காலம் முழுக்க நான் பாடம் நடத்தியிருக்கிறேன். கேட்டுக்கொண்டது என் மகள். ஜப்பானில் வடகோடித் தீவில், வயசானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. குளிப்பாட்ட வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும், மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே வயல்வெளிதான். பஸ் கிடையாது. அதனால் ஆபீசில் அவளுக்கு ஒரு சின்னக் கார் கொடுத்திருந்தார்கள்.

நானும் வண்டி ஓட்டுகிறவள்தான். ஸ்கூல் ஃபெரி ஓட்டுகிறேன். ஃபெரி என்றதும் ஆற்றையும் படகையும் நினைக்க வேண்டாம். பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மறுபடி கொண்டுவந்து சேர்க்கிற வேனுக்கு இங்கே அதுதான் பேர். எங்கள் பேட்டையில் வேன் ஓட்டுகிற பொம்பளை நான் ஒருத்திதான், அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ்காரன் குறுக்கே வந்து சொருகினால் பர்மியில் திட்டுவேன். அதற்கு மேலும் கோபம் வந்தால் தமிழில் திட்டுவேன், அது அவன் காதுக்காக இல்லை, என் மன ஆறுதலுக்காக.

என் வீட்டுக்காரர் அப்படியே நேர் எதிர். டவுனில் மருந்து மொத்த வியாபாரக் கடையில் சரக்குக் கட்டுகிறார். அவர் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் வைத்த டீ ஆறிப் போகும். எங்கள் மகளுக்கு அவர் நிறம், என் பிடிவாதம். இரண்டும் சேர்ந்து ஜப்பானுக்குப் போய்விட்டது.

அவள் அங்கே கார் ஓட்டப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்த பயம் பனியைப் பற்றியது இல்லை. எங்கள் ஊர் வண்டி முக்கால்வாசி ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். ஆனால் எங்கள் சட்டப்படி ரோட்டில் ஓட்டுவதும் வலது பக்கம். ஓட்டுகிற நாங்கள் ரோட்டோரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்போம், எதிரில் வருவது பாதி தெரியாது. அப்படிப் பழகினவள் அங்கே போய் இடது பக்கம் ஓட்ட வேண்டும். தடுமாறி எவன் மேலாவது கொண்டுபோய் ஏற்றிவிடுவாளோ என்று எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவளோ பரீட்சை எழுதி, ஓட்டிக் காட்டி, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். "யா படே, அம்மா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். தலை போகிற காரியத்துக்கும் அவளுக்கு யா படேதான்.

வண்டி கைக்கு வந்த அன்றைக்கு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னேன். நாங்கள் எந்த வண்டி எடுத்தாலும் செய்வதுதானே. மறுநாள் போன் போட்டுச் சிரிசிரியென்று சிரிக்கிறாள்.

"நசுங்கவே இல்லம்மா. ராத்திரி வெளியில வச்சுட்டேன், பழம் கல்லு மாதிரி உறைஞ்சு போச்சு. டயர் அது மேல ஏறி வழுக்கி எறங்குது. பக்கத்து வீட்டுக்காரம்மா நான் என்னமோ விளையாடுறேன்னு நின்னு பாக்குறாங்க."

"உள்ள கொண்டு போய் வெந்நீர்ல போட்டு எடுத்துட்டு வந்து வைடி, சிரிக்காதே" என்றேன். வைத்தாளா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் பிறந்ததிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் பனிதான். எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் நான் சொன்னேன். முன்னால் போகிற வண்டியின் வால் பிடித்துப் போகாதே, திருப்பத்தில் பிரேக் போடாதே, தூக்கம் வந்தால் பாட்டுப் போடு. அவள் அங்கே கற்றதை எனக்குச் சொன்னாள். ரோடு வெறும் ஈரம் மாதிரி கறுப்பாகத் தெரிகிற இடம்தான் பொல்லாததாம், அதுதான் கண்ணுக்குத் தெரியாத ஐஸாம். பாலத்தின் மேல் ரோடு முதலில் உறைந்துவிடுமாம். இதைக் கேட்டதிலிருந்து யாங்கோனில் பாலம் ஏறும்போதே எனக்குக் கால் கூசியது.

என் வீட்டுக்காரர் பாடம் நடத்தவில்லை. அவர் பாட்டுக்குப் போனில் பனி வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊரில் எத்தனை வண்டி சறுக்கியது, எந்தக் கூரை இடிந்தது, எல்லாம் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். என்ன பார்த்தீங்க என்றால் ஒன்றுமில்லை என்பார். நான் பயப்படுவேனாம். அந்தப் பெரிய மனசு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்கு அவர் இடுப்புப் பிடிப்பு என்று வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தார். நான் காலை ஃபெரியை முடித்துவிட்டு வந்து குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் காலையிலேயே போய்விட்டிருந்தது. கரி அடுப்பில்தான் சமையல். அப்போது மகளிடமிருந்து போன். எங்களுக்கு மத்தியானம் என்றால் அங்கே பொழுது சாய்கிற நேரம், வேலை நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாளே என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

எடுத்ததும் பர்மியில் பேசினாள். சின்னப் பிள்ளையிலிருந்து அவள் அப்படித்தான். சிரிப்பு, சண்டை, கேலி எல்லாம் தமிழில் வரும். பயந்தால் பர்மிதான் வரும்.

வண்டி பனிக்குள் போய்விட்டது என்றாள். ஒரு தாத்தாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது காற்று கிளம்பிவிட்டதாம். வயலில் கிடந்த பனியெல்லாம் எழும்பி வந்து ரோட்டையே மறைத்துவிட்டது. முன்னால் பார்த்தால் வெள்ளை, பின்னால் பார்த்தால் வெள்ளை. மெதுவாகத்தான் வந்திருக்கிறாள். ஆனாலும் ஒரு இடத்தில் சக்கரம் சறுக்கி, வண்டி பாட்டுக்கு நழுவிப் போய் ஓரத்துப் பனிக் குவியலில் பின்பக்கமாகச் சொருகி நின்றுவிட்டது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. ஆபீசுக்குச் சொல்லிவிட்டாள், பனி அள்ளுகிற வண்டி வரும் என்றார்களாம். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பனி ஏறிக்கொண்டே இருக்கிறது, பின்னால் சைலன்சர் குழாய் முழுக்க மூடியிருக்கும் போல என்றாள்.

சைலன்சர் மூடிவிட்டது என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, எனக்குள் இருந்த ஃபெரிக்காரி எழுந்துவிட்டாள்.

யாங்கோனில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். எங்கள் பக்கத்துத் தெருவெல்லாம் பள்ளம். ஒரு நல்ல மழை பிடித்தால் வேன் சக்கரம் முக்கால் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சைலன்சர் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே கூடாது. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தால் புகை தள்ளுகிற வேகத்தில் தண்ணீர் உள்ளே வராது. பயந்து போய் ஒருதரம் அணைத்தாயோ, குழாய் வழியாகத் தண்ணீர் குடித்துவிட்டு வண்டி அங்கேயே படுத்துவிடும். எத்தனையோ பெரிய பெரிய காரெல்லாம் நடுரோட்டில் செத்து நிற்கும்போது, என் வேன் மட்டும் கர்ரென்று கத்திக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வத்தோடு கத்தினேன்.

"ஏய், இங்க பாரு. என்ன ஆனாலும் இன்ஜினை அணைக்காதே! காலை ஆக்சிலேட்டர்ல வச்சு மிதிச்சுக்கிட்டே இரு. கேக்குதா? அணைச்சே, அவ்வளவுதான். யாராச்சும் வர்ற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இரு!"

"சரிம்மா" என்றாள். இந்தச் சரிம்மா தமிழில் வந்தது. கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்ததாக நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், திரையில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் போய் வெகுநேரமானால் எங்கள் பக்கம் டவரும் போய்விடும். போனில் ஒரு கோடுகூட இல்லை.

எனக்கு அப்போது பெரிய பதற்றம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, பிள்ளை கேட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்கிறார். முகம் வெளுத்துப் போயிருக்கிறது.

"ஏம்மா" என்றார். "பனியில… அணைக்கணும்."

"என்னது?"

"இன்ஜினை அணைச்சுரணும். குழாய் மூடிப் போச்சுன்னா புகை வெளிய போக வழியில்ல. வண்டிக்கு அடியில தேங்கி உள்ளதான் வரும். அந்தப் புகைக்கு வாசனையே இல்லையாம். தூக்கம் வர்ற மாதிரி இருக்குமாம். ஒரு வீடியோவுல, பாவம், ஒரு குடும்பம்…"

"இதை எப்பங்க பார்த்தீங்க?"

"போன மாசம்."

"போன மாசமா? அப்போ இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அவ பேசுறப்பவாவது வந்து சொல்ல வேண்டியதுதானே! நான் இங்க தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க!"

"எந்திரிச்சு வர்றதுக்குள்ள லைன் கட்டாயிருச்சும்மா" என்றார். இடுப்பு வலியோடு அவர் கட்டிலிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். அது எனக்கும் தெரியும். ஆனால் யாரையாவது திட்டாவிட்டால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன்.

என் பிள்ளை என் பேச்சைக் கேட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறாள். மிதிக்க மிதிக்கப் புகை. நான் சொன்னதால். அம்மா சொன்னாளே என்று. முருகா முருகா என்று வாய் முனகுகிறது, கை போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி நீட்டிப் பார்க்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை. மேல் வீட்டுக்காரியின் போனிலும் கோடு இல்லை, எதிர்க் கடைக்காரர் போனிலும் இல்லை.

தாமுவேயில், மார்க்கெட்டை ஒட்டி எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிற ஒரு அம்மாள் உண்டு. பர்மாக்காரி. அவள் பேத்தி என் ஃபெரியில்தான் வருகிறாள். அந்தக் கடையில் ஜெனரேட்டரும் வயர் வழியாக வருகிற நெட்டும் இருக்கின்றன. அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு வேன் சாவியை எடுத்தேன். என் வீட்டுக்காரர் கட்டிய லொங்ஜியோடு, செருப்புகூடப் போடாமல், இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வந்து இடது சீட்டில் ஏறினார்.

பெட்ரோல் பங்கின் வரிசை பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டினால் ஒரு பஸ், நகர மாட்டேன் என்கிறது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிரில் என்ன வருகிறது என்று தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக இவரை உட்கார வைத்தால் காலி ரோட்டிலும் "இரு இரு, பார்த்து" என்பார். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, "போ! போ போ! இப்ப போ!" என்று கத்தினார். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நான் போனேன். எதிரில் வந்த டாக்ஸிக்காரர் ஏதோ சொன்னார், சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

கடை வாசலில் வேனைக் குறுக்கே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கடைக்கார அம்மாள் என்ன ஏது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கி அவளே நெட்டைப் போட்டுக் கொடுத்தாள். மகளை அழைத்தேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை. இன்ஜினை அணை, உடனே அணை, வெளியே வா, அம்மா சொன்னது தப்பு என்று பர்மியில் அடித்து அனுப்பினேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் மாறிப் போயிற்று. மறுபடி அடித்தேன். அவள் பார்த்ததற்கு அடையாளமே இல்லை.

அந்தக் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரம் எந்த எதிரிக்கும் வரக் கூடாது. சுற்றிலும் ஃபேன், ரைஸ் குக்கர், சார்ஜர் விளக்கு. வெளியே ஜெனரேட்டர் புகை விட்டுக்கொண்டு ஓடுகிறது. அந்தப் புகை நாற்றம் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. இதற்காவது நாற்றம் இருக்கிறது, விலகிப் போகலாம். வாசனையே இல்லாத ஒன்று என் பிள்ளையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் அவள் எப்படி விலகுவாள்? என் வீட்டுக்காரர் தரையில் குந்திக்கொண்டு அவர் போனிலிருந்து அவளுடைய ஆபீஸ் நம்பரை அழைத்துக்கொண்டிருந்தார். யாரோ எடுத்தார்கள். இவருக்கு ஜப்பான் பாஷை தெரியாது, அவர்களுக்கு இவர் பாஷை தெரியாது. மகளின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் "ஹாய், ஹாய்" என்றார்கள். என்ன ஹாய்யோ தெரியவில்லை. கடைக்கார அம்மாள் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். டீ வரவழைத்தாள். யாரும் தொடவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. மகள்.

எடுத்தால் அவள் முகம். மூக்கு சிவந்து, உதடு நீலம் பாரித்து, தலை முழுக்கப் பனி. பின்னால் ஏதோ பெரிய லாரியின் உள்பக்கம் தெரிகிறது. உயிரோடு இருக்கிறாள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். எனக்கு அழுகைதான் வந்தது, அதுவும் மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி.

"அம்மா, அழாதம்மா. நல்லாத்தாம்மா இருக்கேன். பனி அள்ளுற வண்டிக்காரர் வந்துட்டாரு. அவர் வண்டியிலதான் உக்காந்திருக்கேன்."

தமிழில் பேசுகிறாள். என் வீட்டுக்காரர் தரையிலிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார், எந்தப் பக்கம் என்று இல்லாமல் பொதுவாக.

"இன்ஜினை அணைச்சியாடி?" என்று கேட்டேன்.

"நீதானே அணைக்காதேன்னே. மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

"ஐயோ."

"தலை வலிச்சுது. வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. குளிர்னால இருக்கும்னு நினைச்சேன். கண்ணாடி வேற இறக்கி விட்டிருந்தேனா, பனியெல்லாம் உள்ள மடியில வந்து விழுது."

"கண்ணாடியை எதுக்குடி இறக்கினே?"

"என்னம்மா இப்படிக் கேக்குறே? தண்ணியில மாட்டினா முதல்ல கண்ணாடியைத்தானே இறக்குவோம். உன் குரலைக் கேட்டதும் கை தானா இறக்கிருச்சு."

அப்படியா சங்கதி என்று எனக்குள் ஏதோ ஒன்று பொத்தென்று இறங்கியது. வெள்ளத்தில் மாட்டினால் நாங்கள் முதலில் செய்வது அதுதான். தண்ணீர் ஏறினால் கதவைத் திறக்க முடியாது, வயர் நனைந்துவிட்டால் கண்ணாடியும் இறங்காது. அதனால் முதலில் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவாள். தெருவில் தண்ணீரைப் பார்த்ததும் நான் சொல்லாமலே அவளும் பின்னால் இருக்கிற பிள்ளைகளும் எல்லாருமாகக் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். அது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நான் போனில் அதைச் சொல்லக்கூட இல்லை.

வந்த மனுஷன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாராம். கொட்டுகிற பனியில் ஒரு பெண் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, நிற்கிற வண்டியை உறுமவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? அப்புறம் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் ஓடி வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவரே சாவியைத் திருகி அணைத்துவிட்டு, அவளை வெளியே இழுத்துப் போட்டு அப்படித் திட்டியிருக்கிறார். போன் சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டதால் இன்ஜின் சத்தத்தில் என் அழைப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி திறந்திருந்ததால் தப்பித்தாய், அதையும் நம்ப முடியாது, காற்று இன்னொரு பக்கமாக அடித்திருந்தால் திறந்த ஜன்னல் வழியாகவே புகை உள்ளே வந்திருக்கும் என்றாராம். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்த மனுஷன் நல்லா இருக்கணும். அவர் குடும்பம், பிள்ளை குட்டி எல்லாம் நல்லா இருக்கணும். என் பிள்ளையை அவர் திட்டிய திட்டுக்கு நான் அவர் காலில் விழுவேன்.

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரும்மா" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"தெரியலன்னு சொல்லிட்டேன்."

கடைக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"நான் சொன்னது தப்புடி. உன்னைக் கொன்னிருப்பேன்."

"தெரியும்மா. அவர் சொன்னப்பவே புரிஞ்சுது." தலையில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள். "ஆனா சுத்தி ஒண்ணுமே தெரியலம்மா. ரோடு எது, வானம் எதுன்னே தெரியல. அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் தெரிஞ்ச மாதிரி கத்தினாப் போதும்னு இருந்துச்சு. நீ கத்தினே."

நான் மறுபடி அழுதேன். என் வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துக் காற்றுக் கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசி எடுத்தது. கடைக்கார அம்மாள் மீன் குழம்பு ஊற்றின மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கி வைத்திருந்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், வெட்கமே இல்லாமல். அப்புறம்தான் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் தாண்டிவிட்டது ஞாபகம் வந்து, தலையில் அடித்துக்கொண்டு வேனை எடுத்தேன். பிள்ளைகள் கேட்டடியில் பையை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "ஆன்ட்டி ஏன் அழுதிருக்கீங்க?" என்று ஒன்று கேட்டது. வெங்காயம் உரிச்சேன் என்றேன். அத்தனை பேரையும் வீட்டில் இறக்கிவிட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது, "மீ லாப்பி!" என்று வீட்டுக்கு வீடு கூச்சல். கரண்ட் வந்துவிட்டது. குழம்பு சட்டியோடு கரிந்து போயிருந்தது. அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் பயந்து போய் எட்டிப் பார்த்தார்.

அடுத்த கொஞ்ச நாள் அவளுக்கு வண்டி கொடுக்கவில்லை. வேறு ஒருத்தர் கூட்டிப் போனார். எனக்கு அதில் பரம சந்தோஷம். பிறகு ஒரு நாள் காலையில், நான் ஃபெரி எடுக்கக் கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. திரையில் அவள் பெரிய கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் எல்லாம் வெள்ளை.

"அம்மா, இன்னையிலேருந்து மறுபடி வண்டி எடுக்கச் சொல்லிட்டாங்க. அந்தத் தாத்தா வீட்டுக்குத்தான் போகணும். லேசா பனி விழுது. எடுக்கவா?"

சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. மெதுவாகப் போ, திருப்பத்தில் பார், பாலத்தில் பார், வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா. எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுடி" என்றேன்.

"என்னது?"

"அந்த ஊர்ப் பனியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க இருக்காங்கல்ல, அவங்களைக் கேளு. போலாம்னா போ, வேணாம்னா போகாதே. என்னைக் கேக்காதே."

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து என்னையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள், "உனக்கு உடம்பு எதுவும் சரியில்லையா? போனை அப்பாகிட்டே குடு."